டிவிடிக்குப் பிட்ரேட் கணக்கு: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கணினி இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் வாசகர் ஒருவர், தன்னிடம் 2.40 மணி நேரம் ஓடும் வீடியோ இருப்பதாகவும், அதை ஒரே டிவிடியில் அடக்க எவ்வளவு பிட்ரேட் (ஒரு விநாடிப் படத்துக்கு ஒதுக்கும் பிட்களின் எண்ணிக்கை) வைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். பதில் எழுதியவர் 4,200 கிலோபிட் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். படித்த கையோடு நான் கால்குலேட்டரை எடுத்தேன். கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவள் நான். தப்பான கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க இன்னும் பழகவில்லை.

அந்த 4,200ஐ அப்படியே வைத்தால் படம் டிஸ்க்கில் அடங்காது. கொஞ்சநஞ்சம் அல்ல, ஒலியையும் சேர்த்தால் 60 கோடி பைட் அதிகமாகப் போகும். கடைசி 18 நிமிடம் வெளியே நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் மென்பொருள் இடமில்லை என்று சொல்லி நின்றுவிடும். ராத்திரி முழுக்கக் கணினியை ஓடவிட்டுக் காலையில் வந்து பார்க்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

4,200 எங்கிருந்து வந்தது என்று பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். 4.7 ஜிபியை எடுத்து, 1,024ஆல் மூன்று தடவை பெருக்கியிருக்கிறார். அப்படிச் செய்தால் 504 கோடியே 66 லட்சம் பைட் வரும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் அதை எட்டால் பெருக்கி, 2 மணி 40 நிமிடத்துக்கு உண்டான 9,600 விநாடியால் வகுத்தால் 4,205. அதைக் கொஞ்சம் குறைத்து 4,200 என்று சொல்லிவிட்டார். வகுத்தலில் பிழை இல்லை. வரவில்தான் பிழை. காலி டிவிடியில் 504 கோடி பைட் கிடையவே கிடையாது. டிவிடி பிளஸ் ஆர் வகையில் எழுதக்கூடிய இடம் 470,03,72,992 பைட். மைனஸ் ஆர் வகையில் 470,73,19,808. இல்லாத 34 கோடி பைட்டை வரவு வைத்துக்கொண்டு செலவு எழுதியிருக்கிறார்.

இந்தத் தப்பை நானும் செய்தவள்தான், அதனால் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. முதன்முதலாகக் காலி டிவிடி ஒன்றைக் கணினியில் போட்டபோது விண்டோஸ் 4.37 ஜிபி என்று காட்டியது. மேலட்டையில் 4.7 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். தயாரித்தவர்கள் அளவில் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். தம்பி மகன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அத்தை, அவங்க ஆயிரம் ஆயிரமா எண்றாங்க. விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. டிஸ்க் ஒண்ணுதான்."

படியில் தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தலைதட்டினால் ஆயிரம், குவித்தால் 1,024. கிலோ அளவில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மெகாவுக்குப் போனால் கிட்டத்தட்ட 5 சதவீதம். ஜிகாவில் 7 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. குவித்து அளக்கும் படிக்குக் கிபி, மெபி, கிபி என்று வேறு பெயர்களை 1998லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் முடிவு செய்துவிட்டது. ஆனால் தமிழில் எழுதிப் பாருங்கள், ஆயிரத்துக்கும் கிபி, நூறு கோடிக்கும் கிபி! இந்தப் பெயர்கள் நமக்கு ஏன் ஒட்டவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. சிடியில் 700 எம்பி என்று போட்டிருப்பார்களே, அது குவித்து அளந்த கணக்கு. 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர்; ஒவ்வொன்றிலும் 2,048 பைட்; ஆக 73 கோடியே 72 லட்சம் பைட். ஆயிரக் கணக்கில் பார்த்தால் அது 737 எம்பி. அட்டையில் எழுதியதைவிட அதிகம்தான் கிடைக்கிறது. டிவிடிக்கு வந்ததும் தலைதட்டி அளக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே அலமாரியில் இரண்டு பேரேடு, இரண்டுக்கும் வேறு வேறு விதி. என் பழைய அலுவலகத்தில் யாராவது இப்படிக் கணக்கு வைத்திருந்தால் தணிக்கைக்காரர் விட்டிருக்க மாட்டார்.

அதனால் நான் ஜிபி, எம்பி என்ற பேச்சையே விட்டுவிட்டேன். எனக்குப் பழகிய கோடியிலும் லட்சத்திலும் போடுகிறேன். டிஸ்க்கில் 470 கோடி பைட். பிட்ரேட்டில் வரும் கிலோபிட் என்பது எப்போதும் ஆயிரம் பிட். அங்கே 1,024 என்ற பேச்சே இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி வெறும் கழித்தலும் வகுத்தலும்தான்.

வகுப்பதற்கு முன்னால் என்னென்ன கழிக்க வேண்டும் என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். உங்கள் பதிலில் ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்துக்கு மட்டுமே 4,200 கொடுத்துவிட்டால் ஒலி எங்கே போய் உட்காரும்?

ஒலி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் அப்பா பழைய கேமராவில் எடுத்த ஆறு வீடியோ டேப்பைக் கணினிக்கு மாற்றி, வெட்டி ஒட்டி, இரண்டரை மணி நேரப் படமாக்கினேன். உடன்பிறந்தவர்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு டிஸ்க் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். படத்தின் பிட்ரேட்டைச் சரியாகத்தான் கணக்கிட்டேன். ஒலிக்கு 224 கிலோபிட் என்று ஒதுக்கியும் வைத்தேன். வந்த கோப்பு 147 கோடி பைட் அதிகம். இரண்டு நாள் என் வகுத்தலையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், எடிட்டிங் மென்பொருள் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம்மாகவே வைத்திருந்தது. விநாடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடமும் வலமும் ஆக இரண்டு: பெருக்கினால் விநாடிக்கு 15,36,000 பிட். இரண்டரை மணி நேரத்துக்கு 172 கோடியே 80 லட்சம் பைட்! டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒலியே தின்றுவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட ஒலி? பழைய டேப்பின் இரைச்சலும், கேமராவுக்குள் மோட்டார் சுற்றும் சத்தமும், நடுநடுவே "இன்னும் ஓடுதா?" என்று கேட்கும் அம்மாவின் குரலும். ஒலியைச் சுருக்கும் டால்பி முறையில் இரண்டு சேனலுக்கு 224 வைத்து மறுபடி செய்தேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவின் குரல் அப்படியேதான் கேட்கிறது.

இரண்டு மொழியில் ஒலி வைப்பதென்றால் இரண்டையும் கழிக்க வேண்டும். பார்ப்பவர் ஒன்றைத்தானே கேட்பார் என்று தம்பி மகன் வாதாடினான். கேட்கப்படாத ஒலியும் டிஸ்க்கில் இடம்பிடித்துக்கொண்டுதானே இருக்கிறது?

அப்புறம் பொட்டலக் கூலி. டிவிடியில் படமும் ஒலியும் 2,048 பைட் பொட்டலங்களாக மாறி மாறி அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு முகவரிச் சீட்டு உண்டு. முன்னே பின்னே தாவுவதற்கான வழிகாட்டிப் பொட்டலங்களும் இடையிடையே வரும். இதற்கெல்லாம் நான் 2 சதவீதம் ஒதுக்குகிறேன்; இதுவரை போதுமானதாக இருந்திருக்கிறது.

கடைசியாக விளிம்பு. எழுதும் டிஸ்க்கில் உள்வட்டத்திலிருந்து தொடங்கி வெளியே நோக்கிப் பதிவு போகிறது. முதல் தடவை எல்லாம் அடங்கிவிட்டது என்ற சந்தோஷத்தில் விளிம்பு வரை நிரப்பினேன். என் பிளேயரில் நன்றாக ஓடியது. அக்கா வீட்டுப் பழைய பிளேயரில் கடைசிப் பகுதி வந்ததும் திக்கித் திக்கி நின்றது. நாம் விரலால் பிடிக்கும் இடம் அதுதான், கீறலும் ரேகையும் முதலில் விழுகிற இடமும் அதுதான். அன்றிலிருந்து 10 கோடி பைட் காலியாக விட்டுவிடுகிறேன். மெனுவுக்கு இரண்டு கோடி. என் மெனு ஒரே ஒரு அசையாத படம், அதற்கு இரண்டு கோடியே அதிகம்.

இப்போது உங்கள் வாசகரின் கணக்கு. 470 கோடியில் 12 கோடி போனால் 458 கோடி. அதில் 2 சதவீதம், அதாவது 9 கோடியே 16 லட்சம் போனால் 448 கோடியே 84 லட்சம் பைட். எட்டால் பெருக்கினால் 3,590 கோடியே 72 லட்சம் பிட். 9,600 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 37 லட்சத்து 40 ஆயிரம் பிட், அதாவது 3,740 கிலோபிட். ஒலிக்கு 224 கழித்தால் 3,516. சப்டைட்டில் இருந்தால் அதற்கு ஒரு 16 விட்டுவிடலாம். 3,500.

இந்த எண் வந்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். 3,500 கிலோபிட்டை 9,600 விநாடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் 420 கோடி பைட், பைசா பாக்கி இல்லாமல். ஒலி 26 கோடியே 88 லட்சம். என்கோட், அதாவது படத்தைச் சுருக்கி எழுதும் வேலை, முடிந்ததும் வீடியோ கோப்பின் அளவைப் பாருங்கள். 420 கோடிக்குப் பக்கத்தில் இருந்தால் கணக்கு சரி. 440 காட்டினால் டிஸ்க்கைத் தொடாமல் அமைப்பைத் திரும்பப் பாருங்கள். அளவைப் பைட்டிலேயே பார்க்க வேண்டும். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பண்புகளைத் திறந்தால் அடைப்புக்குறிக்குள் முழு எண்ணும் இருக்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. நீங்கள் 2.40 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வாசகர் சொன்னது 2 மணி 40 நிமிடமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இதை 3,600ஆல் பெருக்குகிறவர் 8,640 விநாடி என்றுதான் எழுதுவார், ஏனென்றால் தசமத்தில் 2.40 மணி என்பது 2 மணி 24 நிமிடம். 16 நிமிடம் காணாமல் போய்விடும். இதுவும் கதை இல்லை, தம்பி மகன் நிஜமாகவே செய்தது. மணியையும் நிமிடத்தையும் தனித்தனியே விநாடியாக மாற்றிக் கூட்டுங்கள். அதுவும் இறுதிக் கோப்பின் நேரத்தை எடுக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேமாக இருந்த 160 நிமிடப் படத்தை 25 ஃபிரேமாக ஓடவிட்டால் 153 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். மூலத்தின் நேரத்தை வைத்து வகுத்தால் சும்மா கிடைத்த இடம் வீணாகும்.

3,500 என்பது சராசரி என்பதையும் உங்கள் பதில் சொல்லவில்லை. அதை நிலையான பிட்ரேட்டாக வைத்தால் டிஸ்க்கில் அடங்கும்தான், ஆனால் படம் அழுக்காக வரும். அப்பாவின் டேப்பில் ஓர் இடம் உண்டு. தாத்தா ஈஸிசேரில் பேப்பர் படிக்கிறார். நாலு நிமிடம் ஒன்றும் நடக்காது, ஒரு முறை பக்கம் திருப்புவார், அவ்வளவுதான். அதற்கு அடுத்த டேப்பில் கடற்கரை; அலை, மணல், ஓடுகிற குழந்தைகள், அதோடு அப்பாவின் கை வேறு நடுங்குகிறது. இரண்டுக்கும் ஒரே 3,500 கொடுத்தால் தாத்தாவிடம் பாதி வீணாகும், கடலில் சதுரம் சதுரமாகக் கட்டம் விழும். டூ பாஸ் முறையில் என்கோடர் முதல் தடவை படம் முழுவதையும் பார்த்து எங்கே கஷ்டம், எங்கே சுலபம் என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாம் தடவைதான் எழுதுகிறது. தாத்தாவிடம் பிடித்ததைக் கடலுக்குக் கொடுக்கிறது, மொத்தம் மாறுவதில்லை. நேரம் இரண்டு மடங்காகும். என் கணினியில் ராத்திரி 10 மணிக்குத் தொடங்கினால் விடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும். ஓடட்டும்.

தரத்தை நிலையாக வைத்து அளவை அதன் போக்கில் விடும் முறையும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் சேமிப்பவருக்கு அதுதான் நல்லது. ஆனால் டிஸ்க்குக்கு அது உதவாது. எவ்வளவு வரும் என்று எழுதி முடித்த பிறகுதான் தெரியும்.

உச்சவரம்பையும் பார்க்க வேண்டும். டிவிடி வீடியோவில் படத்துக்கு 9,800 கிலோபிட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒலி, சப்டைட்டில் எல்லாம் சேர்ந்து 10,080. ஒரு மணி நேரப் படத்துக்கு ஒன்றையும் கழிக்காமல் 470 கோடியை வகுத்தால் 10,444 வரும். கணக்கு சொல்கிறது என்று அதைப் போட்டால் பிளேயர் ஏற்காது. குறும்படத்துக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. 8,000 வைத்துவிட்டு, இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று விட்டுவிடலாம். நீளப் படத்தின் டூ பாஸிலும் நான் உச்சத்தை 8,000லேயே நிறுத்திவிடுகிறேன். எழுதிய டிஸ்க்கை அதற்குமேல் வேகமாகப் படிக்கச் சொன்னால் அக்காவின் பிளேயர் முரண்டு பிடிக்கும்.

அதே மாதிரி கீழேயும் ஓர் எல்லை இருக்கிறது. நாலு மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தால், மேலே சொன்னதையெல்லாம் கழித்த பிறகு படத்துக்கு 2,269தான் மிஞ்சும். அப்போது 720க்கு 576 புள்ளி என்ற முழு அளவைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட 352க்கு 576 என்று அகலத்தைப் பாதியாக்கிவிடுவது மேல். டிவிடி விதியில் அதற்கு இடம் இருக்கிறது, பழைய பிளேயரிலும் ஓடும். கொஞ்சம் மங்கலாக இருக்கும். கட்டம் கட்டமாக உடைவதைப் பார்ப்பதற்கு மங்கல் எவ்வளவோ தேவலை. இல்லையென்றால் 854 கோடி பைட் கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க் இருக்கிறது. ப்ளூரேயில் 2,500 கோடி. விதிகளும் படத்தைச் சுருக்கும் கோடெக்கும் வேறு, ஆனால் வகுத்தல் இதேதான்.

டேப்பிலிருந்து மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பழைய டேப்பின் புள்ளி இரைச்சலை என்கோடர் இரைச்சல் என்று அறியாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏதோ புதிதாக நடக்கிறது என்று நினைத்துப் பிட்டை அதன்மேல் கொட்டும். படத்தின் அடியில் விரற்கடை அளவுக்குக் கோடுகள் நெளியுமே, டேப் ஹெட் மாறும்போது வருவது, அதற்கும் அப்படித்தான். தாத்தா அசையாமல் உட்கார்ந்திருக்க, அடியில் நெளியும் கோட்டுக்காகப் பிட் செலவாகிக்கொண்டிருந்தது. இரைச்சலை லேசாகக் குறைத்து, அடியில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தேன். பிட்ரேட்டைக் கூட்டாமலே படம் தெளிந்தது. இரைச்சலை ரொம்பவும் நீக்கிவிடாதீர்கள், முகமெல்லாம் மெழுகு பூசிய மாதிரி ஆகிவிடும். ஒரு டேப்பில் அம்மாவின் முகத்தை அப்படி ஆக்கிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து செய்தேன்.

இந்தத் தொல்லையெல்லாம் விசிடி காலத்தில் இல்லை. 1993இல் வந்த அந்த முறையில் படத்துக்கு 1,150, ஒலிக்கு 224 என்று விதியே போட்டுவிட்டார்கள். 80 நிமிட டிஸ்க்கில் 80 நிமிடப் படம். நீளம் கூடினால் இன்னொரு டிஸ்க். கணக்கும் இல்லை, கண்ணுக்கு அழகும் இல்லை.

"அத்தை, இதுக்கெல்லாம் தனியா கால்குலேட்டர் இருக்கு, நேரத்தைப் போட்டா எண் வந்துடும்" என்கிறான் தம்பி மகன். இருக்கட்டும், நானும் பார்த்தேன். இரண்டு கால்குலேட்டரில் ஒரே நேரத்தைப் போட்டேன். இரண்டு எண் வந்தது. ஒன்று ஒலியைக் கழித்திருந்தது, இன்னொன்று நம்மைக் கழிக்கச் சொல்லிக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

கடிதம் நீண்டுவிட்டது. முழுவதும் பிரசுரிக்க இடமில்லை என்றால் திருத்தத்தை மட்டுமாவது போடுங்கள். அந்த வாசகர் இன்னும் என்கோட் செய்யத் தொடங்கவில்லை என்றால் படத்துக்கு 3,500, ஒலிக்கு 224 என்று வைக்கச் சொல்லுங்கள். முதலில் அழித்தெழுதும் டிஸ்க்கில் ஒரு முறை எழுதி, வீட்டில் இருப்பதிலேயே பழைய பிளேயரில் போட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்க்கட்டும். சப்டைட்டில் இல்லாத படம் என்றால் 3,516 வரை போகலாம். நான் போக மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற கணக்கர்